தினமும் அறுபது கேஸ் பார்க்கிறோமே, அப்புறம் தனியாகப் படிப்பு எதற்கு?

6 ஜனவரி 2025, கேள்வி

எம்.டி. ரேடியோடயக்னோசிஸ் (எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்து நோயைச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட் படிப்பு) முடித்து 11 வருடம் ஆகிறது. சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 60 கேஸுக்குக் குறையாமல் ரிப்போர்ட் போடுகிறேன். 5 வருடத்துக்கு 30 மணி நேரம் சி.எம்.இ. (டாக்டர்களுக்கான தொடர் கல்வி) கணக்குக் காட்ட வேண்டுமே என்று நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒரு ஓட்டல் ஹாலில் கழித்தேன். திரையில் ஓடியதில் முக்கால்வாசி எனக்குத் தெரிந்தது. மீதி, என் சென்டரில் இல்லாத மெஷினைப் பற்றியது. தினமும் பார்க்கிற கேஸைவிடப் பெரிய வாத்தியார் உண்டா? சீனியர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு 10.40, ஒரு சீனியரின் பதில்

கேஸ் வாத்தியார்தான், டாக்டர். ஆனால் அந்த வாத்தியார் பரீட்சை மட்டும் வைப்பார், விடைத்தாளைத் திருத்தித் தர மாட்டார். ரிப்போர்ட் கவருக்குள் போகிறது, பேஷன்ட் ஊருக்குப் போகிறார். நாம் எழுதியது சரியா தப்பா என்று நமக்கு எப்போது தெரிகிறது? நூற்றில் ஐந்து கேஸில் தெரிந்தால் அதிகம்.

2011இல் நடந்ததைச் சொல்கிறேன். 48 வயதுக்காரர், இடது பக்க விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. கல்லாக இருக்கும் என்று பிளெய்ன் சி.டி. கே.யூ.பி. (கிட்னி முதல் பிளாடர் வரையிலான சி.டி.) எடுத்தோம். இடது யூரெட்டர் (சிறுநீர்க்குழாய்) பிளாடருக்குள் நுழைகிற இடத்தில் 6 மில்லிமீட்டர் கல். வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பத்து நிமிடத்தில் ரிப்போர்ட் முடிந்தது, சர்ஜனுக்கும் திருப்தி.

14 மாதம் கழித்து அதே ஆள் இருமலோடு எங்கள் சென்டருக்கே வந்தார். செஸ்ட் சி.டி.யில் வலது நுரையீரலின் கீழ் லோபில் (மடலில்) 3.4 சென்டிமீட்டர் கட்டி. பழைய ஃபிலிம் இருந்தால் கொடுங்கள் என்றேன். அவர் மனைவி மஞ்சள் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். வியூ பாக்ஸில் மாட்டினேன். முதல் வரிசை, இரண்டாவது கட்டம். லிவருக்கு மேலே, நுரையீரலின் அடிப்பகுதி எட்டிப்பார்க்கிற அந்த ஸ்லைஸில் 9 மில்லிமீட்டரில் ஒரு உருண்டை. நான் கையெழுத்துப் போட்ட ஃபிலிம்.

அவரிடம் அதைக் காட்டியே சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அப்பவே தெரிஞ்சிருந்தா எடுத்திருக்கலாமா டாக்டர்?" எடுத்திருக்கலாம் என்றேன்.

அவர் எங்களிடமே திரும்பி வந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. வேறு ஊரில் எடுத்திருந்தால், நான் இன்று வரை அந்த வருடம் நன்றாகப் படம் பார்த்தேன் என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அதற்குப் பிறகு என்னை விட்டுப் போகவில்லை.

7 ஜனவரி, காலை

நேற்று அவசரத்தில் விட்டது. அந்தக் கேஸிலிருந்து நான் மாற்றிக்கொண்டது மிகச் சின்ன விஷயம். வயிற்று சி.டி. எதுவாக இருந்தாலும், கே.யூ.பி.யாகவே இருந்தாலும், முதல் ஐந்தாறு ஸ்லைஸை லங் விண்டோவில், அதாவது நுரையீரல் தெளிவாகத் தெரியும் வெளிச்ச அமைப்பில், ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் மூடுவதில்லை. அடுத்து போன் விண்டோவில் முதுகெலும்பு. இரண்டுக்கும் சேர்த்து நாற்பது விநாடி ஆகும். எம்.டி. படிக்கும்போதும் இதைச் சொல்லித்தான் தந்தார்கள். ஆனால் கல் கண்ணில் பட்டதும் கண் ஓய்ந்துவிடுகிறது. தேடியது கிடைத்த திருப்தியில் தேடல் நின்றுபோவதற்கு நம் துறையில் தனிப் பெயரே இருக்கிறது.

7 ஜனவரி, மதியம்

"அது உங்கள் கவனக்குறைவு, படிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பல வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லியோ ஹென்றி கார்லண்ட் என்ற ரேடியாலஜிஸ்ட் 1949இலேயே இதை அளந்து எழுதினார். நோய் இருக்கிற செஸ்ட் எக்ஸ்ரேக்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தை அனுபவசாலிகளே தவறவிட்டார்கள். அதற்குப் பிறகு சி.டி. வந்தது, எம்.ஆர்.ஐ. வந்தது, மானிட்டர் வந்தது. நம் கண்ணும் மூளையும் மட்டும் அதேதான்.

2013இல் வந்த கொரில்லா ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும். லங் சி.டி.யில் நாட்யூல் (சிறு உருண்டைக் கட்டி) தேடச் சொல்லி 24 ரேடியாலஜிஸ்டுகளை உட்கார வைத்தார்கள். கடைசிக் கேஸில் ஒரு கொரில்லா படத்தை உள்ளே செருகியிருந்தார்கள், சராசரி நாட்யூலைப் போல 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் கண் எங்கே போகிறது என்பதையும் பதிவு செய்திருந்தார்கள். பலருடைய பார்வை கொரில்லா மேலேயே நின்று போயிருக்கிறது.

இந்த 20 பேரையும் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? எதைத் தேடுகிறோமோ அதுவே கண்ணில் படும். ஆகவே எதையெல்லாம் தேட வேண்டும் என்ற பழக்கத்தை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. படிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

9 ஜனவரி, இரவு

"அப்படியானால் ஓட்டல் ஹால் வேண்டாம், ஃபாலோ அப் (ரிப்போர்ட் போட்ட கேஸ் பிறகு என்ன ஆனது என்று விசாரிப்பது) போதும் என்கிறீர்களா?" என்று கேள்வி கேட்டவரே திரும்பக் கேட்கிறார். இரண்டு நாளாக யோசித்தேன். இல்லை. நான் முதலில் எழுதியதில் பாதிதான் சரி.

பிராஸ்டேட் எம்.ஆர்.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 வரை என் ரிப்போர்ட்டில் ஒரே வரிதான் இருக்கும்: "சந்தேகத்துக்குரிய பகுதி உள்ளது, பி.எஸ்.ஏ.யுடன் ஒப்பிடவும்." பி.எஸ்.ஏ. என்றால் பிராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை. யூராலஜிஸ்ட் அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஃபாலோ அப் எத்தனை செய்தாலும் இதில் நான் முன்னேறியிருக்க மாட்டேன், ஏனென்றால் படத்தை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. படத்தை எப்படிப் படித்து ஸ்கோர் போடுவது என்ற விதிமுறையான பை-ராட்ஸின் இரண்டாம் பதிப்பு 2015இல் வந்திருந்தது. (தமிழில் எழுதினால் மார்பகப் படத்துக்கான விதிமுறையும் பிராஸ்டேட்டுக்கானதும் ஒரே பெயராகிவிடுகிறது. இங்கே சொல்வது பிராஸ்டேட்.) அதைப் பிரின்ட் எடுத்துப் படித்தேன். மண்டையில் ஏறவில்லை.

பிறகு இரண்டு நாள் வொர்க்ஷாப் ஒன்றுக்குப் போனேன். ஆளுக்கொரு வொர்க்ஸ்டேஷன், 40 கேஸ். நாமே மார்க் செய்து ஸ்கோர் போட்ட பிறகுதான் ஆபரேஷனில் எடுத்த பிராஸ்டேட்டின் பெத்தாலஜி ஸ்லைஸைப் பக்கத்தில் காட்டுவார்கள். முதல் நாள் காலையில் பத்துக்கு நாலு சரி. இரண்டாம் நாள் மாலையில் பத்துக்கு எட்டு. பிராஸ்டேட்டின் வெளிப்பகுதியான பெரிஃபெரல் ஸோனில் முதலில் டிஃப்யூஷனைப் (திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் படம்) பார், உள்பகுதியான டிரான்சிஷன் ஸோனில் முதலில் டி2வைப் (அமைப்பைக் காட்டும் படம்) பார், கான்ட்ராஸ்ட் படம் துணைக்குத்தான். படித்தபோது வெறும் வாக்கியமாக இருந்தது, 40 கேஸுக்குப் பிறகு கண்ணுக்குப் பழகிவிட்டது.

இன்னொன்று. அங்கே போனபோதுதான் எங்கள் மெஷினில் புரோட்டோகாலே சரியில்லை என்று தெரிந்தது. டிஃப்யூஷன் படத்தின் வலிமையைக் குறிக்கும் பி-வேல்யூவை 800உடன் நிறுத்தியிருந்தோம். 1400 வரையாவது போயாக வேண்டும். திங்கட்கிழமை காலை டெக்னீஷியனோடு உட்கார்ந்து புரோட்டோகாலை மாற்றினோம். அவர் கேட்டார், "சார், இத்தனை நாள் எடுத்ததெல்லாம்?" எனக்குச் சொல்ல பதில் இல்லை.

அதிலிருந்து எங்கே வொர்க்ஷாப் என்றாலும் டெக்னீஷியன் ஒருவரையும் கூட அனுப்பச் சொல்லி சென்டரில் கேட்கிறேன். பாதி தடவை மறுக்கிறார்கள். படம் எடுப்பவருக்குப் படிப்பு இல்லாமல் படம் படிப்பவருக்கு மட்டும் படிப்பு சொல்லித் தந்து என்ன செய்வது?

10 ஜனவரி

திருத்தம். பி-வேல்யூ 1400 என்றால் நேரடியாக எடுத்தே ஆக வேண்டும் என்று படும்படி எழுதிவிட்டேன். குறைந்த பி-வேல்யூ படங்களிலிருந்து கணக்கிட்டு உருவாக்கிய படமும் செல்லும், விதியிலேயே இருக்கிறது. பழைய 1.5 டெஸ்லா மெஷினில் நேரடியாக எடுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். அங்கே கணக்கிட்டது மேல். சுட்டிக்காட்டிய கோவை டாக்டருக்கு நன்றி.

2019இல் பை-ராட்ஸ் 2.1 பதிப்பும் வந்துவிட்டது. டிரான்சிஷன் ஸோனில் டி2 ஸ்கோர் 2 வாங்கிய கட்டி, டிஃப்யூஷனில் 4 அல்லது 5 காட்டினால் 3 ஆக உயரும். 2016 வொர்க்ஷாப்போடு நின்றுவிட்டவருக்கு இது தெரியாது. ஒரு தடவை படித்தால் போதாது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல். சென்டர் லீவு, அதனால் நீளமாக எழுதுகிறேன்

அந்த 9 மில்லிமீட்டர் நாட்யூல் என்னை வேறு விதத்திலும் கெடுத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுசாகாது.

அதற்குப் பிறகு நுரையீரலில் கடுகு அளவு புள்ளி இருந்தாலும் "மூன்று மாதத்தில் மறுபடியும் சி.டி." என்று எழுத ஆரம்பித்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. ஒரு நாள், எங்கள் ஊர் செஸ்ட் ஃபிசிஷியன் நேரில் வந்து, என் ரிப்போர்ட்டுகள் எட்டைக் கட்டாக மேசையில் வைத்தார். எட்டிலும் 3, 4 மில்லிமீட்டர். எட்டு பேரும் இரண்டு, மூன்று தடவை சி.டி. எடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அதில் ஒரு அம்மா, தனக்குக் கேன்சர் என்று முடிவு செய்து மகள் கல்யாணத்தை முன்கூட்டியே முடித்திருக்கிறார்.

நுரையீரல் நாட்யூலை எப்போது மறுபடி ஸ்கேன் செய்வது என்ற ஃபிளெய்ஷ்னர் சொசைட்டி விதி 2005இலேயே இருந்தது. ரிஸ்க் குறைந்தவருக்கு 4 மில்லிமீட்டர் வரை தொடர வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். 2017இல் அதை இன்னும் தளர்த்தி, 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் திட நாட்யூலுக்கு, ரிஸ்க் குறைந்தவரானால் மறுபடி சி.டி. வேண்டாம் என்றார்கள். 35 வயதுக்குக் கீழே இருப்பவருக்கும், ஏற்கெனவே கேன்சர் உள்ளவருக்கும், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கும் இந்த விதி பொருந்தாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். பயம் தெரிந்ததை மறைத்துவிட்டது.

நம் பக்கம் டி.பி. வந்து ஆறின தழும்பு எத்தனை பேர் நுரையீரலில் இருக்கிறது என்று யோசியுங்கள். முழுக்கச் சுண்ணாம்பேறிய புள்ளியைப் பார்த்து ஒரு குடும்பத்தையே பயமுறுத்துவதும் தப்பான ரிப்போர்ட்தான். நழுவவிட்டால் ஒரு நாள் யாராவது வந்து காட்டுவார்கள். வீணாகப் பயமுறுத்தினால் வந்து கேட்க ஆளே இல்லை. அந்த டாக்டர் அன்றைக்கு வந்தது எனக்குக் கிடைத்த சி.எம்.இ.களிலேயே பெரியது, கிரெடிட் இல்லாவிட்டாலும்.

6 ஜனவரியன்று நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு கேஸை மட்டும் ஃபாலோ அப் செய்தால் அந்த ஒரு கேஸ் நம் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

15 ஜனவரி, மாலை

கரோனா காலத்தில் கோர்ஸ் எதுவும் இல்லாமலே கற்றுக்கொண்டோமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், கற்றோம். 2020 மார்ச்சிலேயே நெதர்லாந்துக்காரர்கள், சி.டி.யில் கரோனா சந்தேகம் எவ்வளவு என்று சொல்லும் கோ-ராட்ஸ் வகைப்பாட்டை வெளியிட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது, மறுநாளே பயன்படுத்தினோம்.

ஆனால் 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். சென்டர் வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. உள்ளே வருகிற ஒவ்வொரு சொந்தக்காரரும் கேட்டது "ஸ்கோர் எவ்வளவு?" நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதற்கு 5 லோபுக்கு ஐந்தைந்து, மொத்தம் 25. பிளஸ் டூ மார்க் கேட்பது போலக் கேட்டார்கள். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் 8 வாங்கியவரும் பத்தாம் நாள் 8 வாங்கியவரும் ஒன்றல்ல. முதல் இரண்டு நாளில் எடுத்தால் படம் சுத்தமாகவே இருக்கலாம். இதை ரிப்போர்ட்டில் எழுதியவர்கள் எங்கள் ஊரில் மிகச் சிலர். நானும் மே கடைசியில்தான் "அறிகுறி தொடங்கி எத்தனையாவது நாள்" என்ற வரியை ரிப்போர்ட்டில் சேர்த்தேன். எண்ணை வேகமாகக் கற்றோம், அதற்கு அர்த்தம் புரிய ஒரு வருடம் ஆனது.

அதே மாதத்தில் நல்லதும் நடந்தது. கருப்புப் பூஞ்சை கேஸ்கள் வரத் தொடங்கியபோது, மதுரையிலிருந்து ஒரு சீனியர் தினமும் இரவு ஒன்பதுக்கு ஆன்லைனில் வந்து அரை மணி நேரம் படம் காட்டுவார். மேக்சில்லரி சைனஸின் (கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை) பின்சுவருக்குப் பின்னால் ஒரு மெல்லிய கொழுப்புப் பட்டை இருக்கிறதே, எலும்பு அரிக்கப்படும் முன்பே அது கலங்கிவிடும், அங்கே பார் என்றார். அடுத்த வாரம் எனக்கு வந்த பி.என்.எஸ். (மூக்கைச் சுற்றிய சைனஸ்) சி.டி.யில் எலும்பு முழுசாக இருந்தது, கொழுப்பு மட்டும் லேசாக அழுக்குப் பட்டது போல. இ.என்.டி. டாக்டருக்கு அந்த நிமிடமே போன் செய்தேன். அன்று இரவே ஆபரேஷன். அவருக்குக் கண் பிழைத்தது.

அந்த அரை மணி நேரங்களுக்கு யாரும் சர்டிஃபிகேட் கொடுக்கவில்லை.

16 ஜனவரி

வாட்ஸ்அப் பற்றிப் பேசியதால் சொல்லிவிடுகிறேன். ஃபிலிமை ஜன்னலில் பிடித்து போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். மூலையில் பேஷன்ட் பெயர், வயது, ஐ.டி. எல்லாம் தெரிகிறது. அதோடு விண்டோ மாற்ற முடியாத ஒற்றைப் படத்தில் நாட்யூலையும் ரத்தக்குழாயையும் கடவுளாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

20 ஜனவரி

ஃபாலோ அப் எப்படிச் செய்வது என்று நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது 200 பக்க நோட்டு. தேதி, ஸ்கேன் நம்பர், நான் சொன்னது, சர்ஜனோ பெத்தாலஜியோ சொன்னது. பேஷன்ட் பெயர் கிடையாது. சந்தேகமாக ரிப்போர்ட் போட்டது, ஆபரேஷனுக்குப் போகப்போகிறது என்று தெரிந்தது, இந்த இரண்டு வகை மட்டும் எழுதுவேன். வாரத்துக்கு ஏழெட்டு வரும். புதன் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் போன்.

முதலில் சர்ஜன்கள் நான் கேஸ் பிடிக்கப் போன் செய்வதாக நினைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் நம்பினார்கள். ஒரு முறை ஒருவர் சொன்னார், "நீங்க அப்பென்டிக்ஸ் நார்மல்னு எழுதினீங்க. திறந்து பார்த்தா லிவருக்கு அடியில, வீங்கி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு." படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான் அப்பென்டிக்ஸ் என்று நினைத்தது டெர்மினல் இலியத்தின் (சிறுகுடலின் கடைசிப் பகுதி) ஒரு வளைவு. அப்பென்டிக்ஸ் ஒட்டியிருக்கும் பெருங்குடல் தொடக்கமான சீக்கத்தையே தேடாமல் வழக்கமான இடத்தில் தேடியிருக்கிறேன். சீக்கம் மேலே ஏறியிருந்தது. இப்போது முதலில் சீக்கத்தைக் கண்டுபிடிக்கிறேன், அப்பென்டிக்ஸ் பிறகு.

எங்கள் ஊரில் நாலு சென்டர் ரேடியாலஜிஸ்டுகள் மாதத்தின் முதல் வியாழன் இரவு கூடுகிறோம். ஐந்து கேஸ், ரிப்போர்ட் போட்டவர் பெயரை மறைத்துத்தான் காட்டுவோம். இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் இத்தகைய கூட்டத்தை ஒவ்வொரு துறையும் நடத்த வேண்டும் என்கிறது. பழைய பெயரில் "முரண்பாடு" என்ற சொல் இருந்தது, அதை எடுத்துவிட்டுக் "கற்றல்" என்று வைத்தார்கள். பெயர் மாறியதில் அர்த்தம் இருக்கிறது. முதல் கூட்டத்தில் எங்களில் ஒருவர் இன்னொருவரின் கேஸைப் பார்த்துச் சிரித்துவிட்டார், அடுத்த மூன்று மாதம் யாருமே கேஸ் கொண்டுவரவில்லை.

27 ஜனவரி

ஏ.ஐ. வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் வந்துவிட்டது. 2016இல் ஏ.ஐ. விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன் ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். நமக்கு இன்னும் வேலை குறையவில்லை. அதற்காக ஏ.ஐ. உதவாது என்றும் சொல்ல மாட்டேன். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு டி.பி. ஸ்கிரீனிங்கில் செஸ்ட் எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டர் படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2021இல் பரிந்துரைத்தது. ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊருக்கு அது வரப்பிரசாதம்.

என் கவலை வேறு. எங்கள் சென்டரில் சாஃப்ட்வேர் சந்தேகமான இடத்தில் சிவப்புப் பெட்டி போடுகிறது. புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டரைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். படம் திறந்ததும் கண் பெட்டிக்குப் போகிறது, பெட்டியைச் சரிபார்க்கிறார், மூடிவிடுகிறார். 2011இல் நான் கல்லைக் கண்டுபிடித்துவிட்டு மூடியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2023இல் மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) வைத்து 27 ரேடியாலஜிஸ்டுகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஏ.ஐ. வேண்டுமென்றே தப்பான வகையைச் சொன்னபோது, மிக அனுபவமுள்ளவர்களின் சரியான விடைகளே 82 சதவீதத்திலிருந்து 46க்குக் கீழே இறங்கின. அனுபவம் குறைந்தவர்கள் 20க்கு வந்துவிட்டார்கள். அதனால் இப்போது எங்களிடம் ஒரு பழக்கம்: பெட்டியை அணைத்துவிட்டு முதலில் நாம் படிப்பது, மனதில் ஒரு முடிவுக்கு வருவது, அப்புறம் பெட்டியைப் போடுவது. ஒரு கேஸுக்கு அரை நிமிடம் கூடும். கூடட்டும்.

3 பிப்ரவரி

கேள்வி கேட்ட டாக்டர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார், இங்கே எழுதலாம் என்று அனுமதியும் தந்தார். நோட்டு வாங்கி இரண்டு வாரம் ஆகிறதாம். 13 கேஸ் எழுதியிருக்கிறார், ஆறுக்கு விடை வந்துவிட்டது. ஐந்து சரி. ஆறாவது, 56 வயது அம்மாவுக்கு வலது ஓவரியில் நீர்க்கட்டி என்று சி.டி.யில் சொல்லியிருக்கிறார். திறந்தபோது ஓவரி நன்றாக இருந்தது, கட்டி அப்பென்டிக்ஸில். மியூகோசீல், அதாவது சளி போன்ற திரவம் நிரம்பிய வீக்கம். நல்லவேளையாக உடையாமல் எடுத்துவிட்டார்கள். "படத்தைத் திரும்பப் பார்த்தேன் சார், கட்டியின் அடி சீக்கத்தோடு சேருகிற இடம் தெளிவாகத் தெரிகிறது. கரோனலில் (முன்பக்கமாகப் பார்க்கும் வெட்டுப் படம்) பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை" என்கிறார்.

டாக்டர், ஐந்து சரி என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு ஒன்றரை மணி நேரப் பஸ். வருகிற வியாழன் 6ஆம் தேதி இரவு எட்டுக்கு எங்கள் கூட்டம். அந்தக் கேஸைக் கொண்டு வாருங்கள். ஆக்சியலை (குறுக்கு வெட்டுப் படம்) மட்டும் முதலில் போடுங்கள், நாங்கள் நாலு பேரும் என்ன சொல்கிறோம் என்று பார்ப்போம், கரோனலை அப்புறம் திறக்கலாம். பெயரை மறைத்துவிடுங்கள், அந்த அம்மாவுடையதையும் உங்களுடையதையும். இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்.